கூட்டி வைத்த இருபது நிமிடம்

கோயம்புத்தூர் சந்திப்பில் இறங்கியபோது காலை ஆறு நாற்பது. என்னிடம் மூன்று உருப்படிகள் இருந்தன: தோள்பை, இருபத்தாறு மட்டி வாழைப்பழம் வைத்த துணிப்பை, குடை. இருக்கையில் ஒருமுறை, ரயிலின் வாசலில் ஒருமுறை, நடைமேடையில் ஒருமுறை மூன்றையும் எண்ணிக்கொண்டேன். புள்ளியியல் துறையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகும் எண்ணுவது நிற்பதில்லை. எழுபத்தாறு வயதில் இனி நிற்கவும் போவதில்லை.

ரயில் ஐந்தரைக்கு வரும் என்று மகன் எட்வினிடம் சொல்லியிருந்தேன். அவனுக்கு எந்த நேரத்தையும் ஒரு மணி நேரமாவது குறைத்துச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். ஆறு நாற்பத்தைந்துக்கு அவன் மேம்பாலப் படியில் இறங்கி வந்தான். நான் சொன்ன நேரத்துக்கு எழுபத்தைந்து நிமிடம் தாமதம். ரயில் வந்த நேரத்துக்கு ஐந்தே நிமிடம். என் முறை இன்னும் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கப்பா. வண்டி அஞ்சு நிமிஷம் முன்னாலயே வந்துட்டு போலயே" என்றான்.

அவன் சொன்னதில் ஏதோ இடித்தது. ஆனால் இரவெல்லாம் கால் மடக்கி வந்த களைப்பு. பையைக் கொடுத்துவிட்டு நடந்தேன். குடையை மட்டும் கொடுக்கவில்லை. அவன் கையில் கொடுத்த குடைகளில் ஏழு திரும்பி வந்ததில்லை.

எட்வினுக்கு நாற்பத்திரண்டு வயது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து மேசையில் பரப்பினால் நாள் முழுக்கத் தலை நிமிரமாட்டான். அதை இன்றைக்குத் தருவதாகச் சொன்னோமே என்பது மட்டும் நினைவில் இருக்காது. எங்கள் ஊர் நாகர்கோவிலில் ஆறு இடத்தில் வேலை போனது. போன வருடம் ஒரு டாக்டர் இதற்குப் பெயர் சொன்னார். சிறு வயதிலிருந்தே இருக்கும் கவனக்குறைபாடு, பெரியவனான பிறகும் தொடர்கிறது என்றார். இதை அவனுடைய பள்ளிக்கூடத்தில் பதினோரு ஆசிரியர்கள் டாக்டருக்குப் படிக்காமலே சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் கூடுதலாகச் சொன்னது, இதில் அவன் குற்றம் இல்லை என்பது. மாத்திரை எழுதினார். கூடவே, இப்படிப்பட்ட பெரியவர்களை ஒன்றாக உட்காரவைத்துப் பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கும் ஒரு குழு கோயம்புத்தூரில் இருக்கிறது என்றார். பன்னிரண்டு வாரம், வாரம் ஒருநாள், இரண்டு மணி நேரம். இரண்டு மாதத்துக்கு முன் எட்வின் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து அந்தக் குழுவிலும் சேர்ந்தான். ஒன்பதாம் வாரம் வீட்டாரும் வரவேண்டும். அதற்காகத்தான் எனக்கு இந்தப் பயணம்.

அது அழைப்பில் இருந்த காரணம். என் மனதில் இருந்த காரணம் ஆன்சி.

ஆன்சி என் பேத்தி. ஒன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் எட்வின் அவளோடு பேருந்தில் வந்தான். கைபேசியில் யாரோ மோட்டார் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவன், நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு இறங்கிவிட்டான். பிள்ளை இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு நிறுத்தம் தள்ளி நடத்துநர் அவளைக் கண்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருமகள் செல்வி அந்த வாரமே அவளைக் கூட்டிக்கொண்டு உடுமலைப்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது செல்வி ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தாள். அவள் பேசியதை எட்வின் எனக்கு அப்படியே சொல்லிக்காட்டினான்: "சனிக்கிழமை நாலு மணிக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. நீங்களாத் தனியா வாங்க, மாமாவைக் கூட்டிட்டு வராதீங்க. கால் மணி நேரம் நிப்பேன், அப்பறம் போயிருவேன். நான் வராட்டி நீங்களும் கால் மணி நேரத்துல போயிருங்க. போனைப் போட்டுக் காரணம் சொல்லற வேலை ரெண்டு பக்கமும் வேண்டாம்."

சொன்ன நேரத்துக்குப் போனால் ஆன்சி ஒருநாள் அப்பாவோடு சிங்காநல்லூரில் இருப்பாள். ஞாயிறு மாலை செல்வியே வந்து அழைத்துக்கொள்வாள். போகாவிட்டால் அடுத்த பேச்சு எப்போது என்று தெரியாது.

நகரப் பேருந்தில் சிங்காநல்லூர் போவதற்குள் நாற்பத்தொரு "ங்க" என் காதில் விழுந்தது. நடத்துநர் என்னிடம் வந்து, "ஏனுங்கய்யா, அந்தக் குடையைச் சித்த மடியில வெச்சுக்குங்க, ஆருக்காச்சும் குத்திப்போடும். மழையே இல்லீங்களே, எதுக்குங்க சுமக்கறீங்க?" என்றார். எங்கள் ஊரில் இதே சங்கதியை, "பாட்டா, கொடைய உள்ள இழும்" என்று முடித்திருப்பார்கள். நேரம் மிச்சம். ஆனால் இங்கே திட்டினால்கூட யாருக்கும் உடனே தெரியாது என்று தோன்றியது.

எட்வினின் அறை பட்டறைக்கு மேலே. பதினெட்டுப் படி. நடுவில் இரண்டுமுறை நின்றேன். கதவைத் திறந்ததும் சுவரில் ஒரு மரப்பலகை தெரிந்தது. பட்டறைகளில் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் வடிவம் வரைந்து ஆணி அடித்து வைப்பார்களே, அதே மாதிரி. ஆனால் இதில் சாவியின் வடிவம், பர்ஸின் வடிவம், கைக்கடிகாரத்தின் வடிவம், மூக்குக்கண்ணாடியின் வடிவம் வரைந்திருந்தது. எது இல்லையோ அந்த இடம் வெறுமையாக முறைக்கும்.

"இது யார் சொல்லித் தந்தது?" என்றேன்.

"யாரும் இல்ல. பட்டறையில ஸ்பேனர் மட்டும் எனக்குத் தொலைஞ்சதே இல்லப்பா. ஏன்னு குழுவுல கேட்டாங்க. அப்பந்தான் தெரிஞ்சுது."

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குழு. இடம் ஒரு தேவாலயத்தின் மாடி அறை. பதினெட்டு நாற்காலி, நான்கு மின்விசிறி, ஓடியது மூன்று. குழுவில் ஒன்பது பேர், வீட்டார் எட்டு பேர். ஒருவருடைய வீட்டாருக்குச் சொல்ல அவர் மறந்துவிட்டார்.

நடத்துகிறவர் தமயந்தி என்ற ஆலோசகர். ஐம்பது வயது இருக்கும். உபதேசம் செய்வார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் எல்லோரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் அவர்களுக்கு உதவியாக நாம் செய்வதையெல்லாம் எழுதச் சொன்னார். மற்றவர்கள் மூன்று, நான்கு என்று எழுதினார்கள். நான் பதினான்கு எழுதி எண் போட்டுக் கொடுத்தேன். அவர் வாசித்துக்கொண்டே வந்து ஆறாவதில் நின்றார்.

"கடிகாரங்களை முன்னால் ஓட வைத்தல். இது எப்படிங்கய்யா?"

"வீட்டுக் கடிகாரம் பதினைந்து நிமிஷம் கூட. அவன் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் கூட. அவனுக்குத் தெரியாம வைப்பேன். என்னுடையது மட்டும் சரியான நேரம்."

எனக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செந்தில் என்பவருடைய மனைவி. "எங்கூட்டுலயும் அதேதானுங்க. சமையக்கட்டுல பத்து நிமிசம், முன்னால ஆசாரத்துல கால் மணி. எது எவ்வளவுன்னு இப்ப எனக்கே மறந்துபோச்சுங்க."

"நான் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு கடியாரத்தைத்தான் நம்புவனுங்க" என்றார் செந்தில். "அது நின்னு மூணு வருசமாச்சு. அதுவாச்சும் பொய் சொல்லறதில்லை."

அறையே சிரித்தது. எட்வினும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தமயந்தி என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கடிகாரம் பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா மனசுக்குள்ள கழிச்சுக்குவாங்கய்யா. எவ்வளவு கழிக்கணும்னு தெரியாததால இஷ்டத்துக்குக் கழிப்பாங்க. அப்பறம் நாலு மணிங்கறது நாலு மணியா இருக்காது, பேரம் பேசற சாமான் ஆயிரும். இங்க ஒன்பது வாரமா கத்துக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு முதல்ல எழுதணும். முடிஞ்சதும் நிஜமா எவ்வளவு ஆச்சுன்னு எழுதணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவங்களே கண்ணால பாக்கணும். கடிகாரத்தை நாம மாத்தினா அந்தக் கணக்கே கெட்டுப்போயிருது."

புள்ளிவிவரத்தில் கை வைக்காதே என்கிறார். முப்பத்துநான்கு வருடம் நான் மற்றவர்களிடம் சொன்னது.

"சனிக்கிழமை நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யாம இருக்கணும்ங்கய்யா."

"ஒண்ணுமேன்னா?"

"ஞாபகப்படுத்தறது, பின்னாலயே போறது, இருமறது, எதுவுமே." இருமுவது என் பட்டியலில் ஒன்பதாவது.

பதினான்கில் பன்னிரண்டை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். மிஞ்சியவை இரண்டு: ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது, கேட்டால் பதில் சொல்வது. பேருந்தில் திரும்பும்போது அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஓய்வுபெற்ற நாளன்று அலுவலகத்தில் நாற்காலியை ஒப்படைத்தபோதும் இவ்வளவு அலுப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை எட்வின் வேலைக்குப் போய்விட்டான். நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். பார்த்தது பேக்கரிகளை. அறையிலிருந்து பேருந்து நிலையம் வரை பதினொன்று. இந்த ஊரில் யாரும் டீக்கடைக்குப் போவதில்லை, பேக்கரிக்குப் போய் டீ குடிக்கிறார்கள். ஒன்றில் உட்கார்ந்து தேங்காய் பன் சாப்பிட்டேன். உள்ளே சர்க்கரையும் தேங்காய்ப்பூவும். என் வயதுக்கு ஆகாது, ஆனாலும் முழுதும் சாப்பிட்டேன். கல்லாவில் இருந்தவர் கைபேசியில் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரனுக்கு மலையாளம் தானாகப் புரியும். "வருகிறேன் என்று சொன்னது உண்மை. இன்றைக்கு என்று நான் சொன்னேனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கவனக்குறைபாடு குழுவில் இன்னும் நாற்காலி இருக்கிறது என்று அவரிடம் சொல்லத் தோன்றியது.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்பு சாதம். அரிசியும் பருப்பும் ஒன்றாகக் குழைந்து, மேலே நெய். மீன் இல்லாமல் ஒரு முழுச் சாப்பாடு எப்படி முடியும் என்று இவர்களிடம் கேட்கக்கூடாது. பரிமாறியவர், "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று மூன்றுமுறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது அம்மா வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. மட்டிப்பழம் இரண்டை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். மிச்சம் பதினேழு.

மாலையில் எட்வின் என்னைக் குளக்கரைக்கு அழைத்துப்போனான். அதுவும் வீட்டுப்பாடமாம். கரையில் ஒரு பெரிய மரம் வரை போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று இருவரும் தனித்தனியாக எழுதவேண்டும். நான் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதினேன். அவன் இருபத்தைந்து என்றான். திரும்பி வந்தபோது இருபத்துநான்கு ஆகியிருந்தது.

"எப்படிச் சொன்ன?"

"நீங்க நின்னு நின்னு வருவீங்க. பறவைய எண்ணுவீங்க. அதையும் சேத்தேன்."

முப்பத்தேழு பறவை. நீர்க்காகம் தனி.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் குளிக்கப் போனான். பலகையில் கைக்கடிகாரம் அதன் வடிவத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அன்றைய திட்டம் எழுதி ஒட்டியிருந்தது. 12.30 புறப்பாடு. 2.00 பல்லடம், வண்டி மாற வேண்டும். 3.40 உடுமலை. 4.00 ஆன்சி. போன் அணைத்துப் பைக்குள். யாரையும் கேட்காதே, கடிகாரத்தைப் பார்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்திரண்டு வருடத்தில் அவனுடைய ஒழுங்கான திட்டங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். குழுவில் அவன் முன்னாலேயே சொல்லிவிட்டதால், இனி கை வைக்கமாட்டேன் என்று நினைத்திருப்பான். கடிகாரத்தை எடுத்தேன். முள்ளைத் திருகி இருபது நிமிடம் கூட்டினேன். திரும்பத் தொங்கவிட்டேன். வடிவத்துக்குள் சரியாக உட்கார்ந்தது.

காலைச் சாப்பாட்டுக்குச் சந்தகை வாங்கி வந்தான். எங்கள் இடியாப்பத்தின் தம்பி. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிச் சாப்பிட்டோம். நான் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருமல் வந்தது, தண்ணீர் குடித்து அடக்கினேன்.

அவன் படியிறங்கியபோது என் கடிகாரத்தில் பன்னிரண்டு முப்பது. அப்படியென்றால் அவன் கையில் பன்னிரண்டு ஐம்பது. அவன் திட்டப்படியே இருபது நிமிடம் தாமதம். நான் கூட்டி வைத்ததுதான் காப்பாற்றியது என்று நிம்மதியாகப் படுத்தேன்.

தூங்கி எழுந்தபோது இரண்டேகால். எழுந்ததும் மனம் பழக்கம்போல் கணக்குப் போடத் தொடங்கியது. அவன் உடுமலையில் இறங்கும்போது உண்மையில் மூன்று நாற்பது. அவன் கையில் நான்கு மணி. ஆன்சி இல்லை. செல்வி சொன்னபடி கால் மணி நேரம் நிற்பான். அவன் கையில் நாலேகால், உண்மையில் மூன்று ஐம்பத்தைந்து. திரும்பிவிடுவான். அதற்கு ஐந்து நிமிடம் கழித்துச் செல்வி பிள்ளையோடு வந்து நிற்பாள். ஆளிருக்காது.

தாளை எடுத்து இரண்டுமுறை போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை.

அவன் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தது. செல்வியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மாமா இன்னும் பின்னாலிருந்து ஆட்டிவைக்கிறார் என்று தெரிந்துபோகும். தனியாக வந்தான் என்பதே இல்லாமல் போகும். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பதினெட்டுப் படியில் நிற்கவே இல்லை.

சிங்காநல்லூரில் பல்லடம் வண்டி கிடைத்தது. ஏறும்போதே நடத்துநரிடம், "உடுமலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?" என்றேன்.

"ஏனுங்கய்யா, உடுமலைக்கு ஏன் இந்தப் பக்கம் ஏறுனீங்க? உக்கடம் போயி பொள்ளாச்சி வழியாப் போறதுதானுங்க சுருக்கம்" என்றார். முன் இருக்கைக்காரரும் அதையே சொன்னார். பின்னால் இருந்த அம்மாளும் சொன்னார். மூன்று பேரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். சூலூர் தாண்டியதும் சக்கரத்தில் காற்றுப் போய் வண்டி நின்றது. மூன்று பேரும் மறுபடி வருத்தப்பட்டார்கள். பின்னால் வந்த வண்டியில் நடத்துநர் என்னைக் கைபிடித்து ஏற்றிவிட்டார். நின்றுகொண்டே போனேன். பல்லடத்தில் இறங்கியபோது நான்கு ஐந்து.

முடிந்துவிட்டது. நான் நினைத்தபடி நடந்திருந்தால் அவன் உடுமலையிலிருந்து திரும்பியிருப்பான். இனி நான் அங்கே போய் ஒரு பயனும் இல்லை. போனால் செல்வி கண்ணில் படுவேன், அது வேறு. ஆனால் அவன் போன வழியிலேயே திரும்புவான், பல்லடத்தில் இறங்கித்தான் மாறவேண்டும். உடுமலை வண்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தேன்.

கணக்கு இப்படி நின்றது. மூன்று ஐம்பத்தைந்துக்கு அவன் தனியாகத் திரும்பியிருந்தால் ஐந்தேகால், ஐந்து இருபதுக்கு இங்கே இறங்குவான். ஆன்சியோடு வந்தால் ஐந்தரைக்கு மேல் ஆகும். ஐந்தரைக்கு முன் வரும் எந்த வண்டியிலிருந்தும் என் மகன் இறங்கக்கூடாது.

"ஏனுங்கய்யா, நீங்க எங்க இங்க?"

பார்த்தால் கோழிப்பண்ணை செந்தில். கையில் ஒன்றுமில்லை.

"சும்மா வந்தேன்" என்றேன்.

"நானும் சும்மாதானுங்க வந்தேன். எட்வினு வண்டி மாறறப்ப ஒரு எட்டுப் பாத்துப்போடலாம்னு. ரெண்டு மணிக்கே வந்தனுங்க. இந்தப் பக்கம் தேடிட்டு இருக்கறப்ப அவரு அந்தப் பக்கம் ஏறிப் போயிட்டாரு போலிருக்குது. மேடத்துகிட்டச் சொல்லிப்போடாதீங்க." என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊட்டுல கோழி மருந்து வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். எந்த மருந்துன்னு மறந்துபோச்சுங்க."

கடிகார விஷயத்தை அவரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன்.

"எங்க ஊட்டுக்காரியும் என்னைய நம்பறதில்லைங்க. நம்பாதது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்பாத ஆளு பக்கத்துல இருந்தா எனக்கு இன்னுங் கொஞ்சம் சாஸ்தியா மறக்குதுங்க."

அவருடைய மோட்டார் சைக்கிள் எதிரே நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. சொல்ல வாய் வந்தது. இருமலும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். அவர் டீ வாங்க எழுந்து, நான்கு அடி நடந்து, சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். இடுப்பைத் தட்டினார். திரும்பி வந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார். நான் சொல்லியிருந்தால் அவர் தட்டியிருக்கமாட்டார்.

ஐந்து மணிக்கு ஒரு உடுமலை வண்டி. இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள், அவன் இல்லை. ஐந்தேகாலுக்கு ஒன்று. எட்வினுடையது போலவே கட்டம்போட்ட சட்டையில் ஒருவன் தனியாக, தலையைக் குனிந்து இறங்கினான். குடையை ஊன்றி எழுந்தேன். நிமிர்ந்தபோது வேறு யாரோ. ஐந்து இருபத்தெட்டுக்கு ஒன்று. இல்லை. செந்தில் வாங்கித் தந்த டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

ஐந்து நாற்பத்தாறுக்கு வந்த வண்டியில் முதலில் ஒரு சிறுமி இறங்கினாள். இரட்டைப் பின்னல், முதுகில் பை, கையில் ஒரு சின்ன நோட்டு. இறங்கியவள் ஓடவில்லை, கம்பியைப் பிடித்தபடி கீழே நின்றாள். அவளுக்குப் பின்னால் எட்வின் இறங்கினான். தரையில் ஒரு காலும் படியில் ஒரு காலுமாக நின்று, தான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். பிறகுதான் இரண்டாவது காலை எடுத்தான்.

செந்தில் என் தோளைத் தட்டிவிட்டு, "நான் இங்க வரவே இல்லைங்க" என்று சொல்லி நழுவினார்.

எட்வின் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஆன்சி என்னை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆனது. இரண்டு வருடத்தில் அவளும் இந்த ஊர்ப் பிள்ளை ஆகியிருந்தாள். "தாத்தா, எப்ப வந்தீங்க? நல்லா இருக்கீங்களா?" என்று பெரிய மனுஷி போல் கேட்டாள்.

"நேரத்துக்குப் போனியா மக்களே?" என்று எட்வினைக் கேட்டேன்.

"மூணே முக்காலுக்குப் போயிட்டேன். நாலுக்கு மூணு நிமிஷம் இருக்கும்போ செல்வி வந்தா. என்னப் பாத்தா. அவ வாட்சப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. பிள்ளைக்கு ஸ்வெட்டர் பையில இருக்குன்னு மட்டும் சொன்னா."

சிங்காநல்லூர் வண்டியில் மூன்று பேருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. ஆன்சி நடுவில். எட்வின் அன்றன்றைய வேலைகளை எழுதும் நோட்டு அன்றைக்கு அவள் பொறுப்பாம், ஒவ்வொன்றும் முடிந்ததும் அவள்தான் டிக் போடவேண்டும். பெருமையாக எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"காலை. ஒண்ணு, மாத்திரை. ரெண்டு, சாவி. மூணு, அப்பா வந்திருந்தால் வாட்சைச் சரிபார்க்க." நிறுத்தி என்னைப் பார்த்தாள். "தாத்தா வந்தா எதுக்கு வாட்சச் சரிபாக்கணும்?"

எட்வின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எண்ணுவதற்கு எனக்கு வெளியே ஒன்றும் அகப்படவில்லை.

"எப்பத்திலிருந்து தெரியும்?" என்றேன்.

"பத்தாங் கிளாஸ்லருந்து. டிரெயினும் ஆறே முக்கால்னு பாத்துட்டுத்தான் வந்தேன்." கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினான். என்னுடையதும் அதுவும் ஒரே நேரம் காட்டின. "எப்பவும் பத்து நிமிஷம் கூட்டுவீங்க. அது சாதாரணம். இன்னைக்கு இருபது இருந்துது. ரொம்பப் பயந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

நான் சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்தேன். கேட்டால் பதில் சொல்வது என்று அதில் இருந்தது. அவன் எதுவும் கேட்கவில்லை.

"தூங்குங்கப்பா. முகம் வாடிக் கிடக்கு. இறங்க வேண்டிய இடத்துல எழுப்புறேன்" என்றான்.

அவனோடு பேருந்தில் போகும்போது நான் தூங்கியதே கிடையாது. இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தங்களை எண்ணினேன். நான்கு வரை நினைவிருக்கிறது.

"அப்பா, எந்திரிங்க. சிங்காநல்லூர்."

விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. "முதல்ல ஆன்சி. அப்புறம் நீங்க. கடைசியில நான்" என்றான். ஆன்சி இறங்கிக் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன். எட்வின் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி இருக்கையைப் பார்த்தான். பிறகு மறுபடி உள்ளே ஏறிப் போனான்.

வரும்போது அவன் கையில் என் குடை இருந்தது.